எழுபத்தோராவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து பத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. பூவரசன் எழுந்து மோட்டார் போட்டான். மேல்தொட்டி நிரம்பிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும்வரை குழாயடியிலேயே நின்றான். வாசலில் தண்ணீர் தெளித்தான். கோலம் போடத் தெரியாது, தெளிப்பதோடு சரி. கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கத்தரித்துப் பாதியைக் காய்ச்சினான், மீதியைக் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தான். ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி குக்கரில் போட்டான். முந்தாநாள் துவைத்த சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தான். பிறகு இரண்டு போன்களையும் சார்ஜில் போட்டான். ஒன்று அவனுடையது, இன்னொன்று மனைவி கலைமதியுடையது. அதில் யாரும் கூப்பிடுவதில்லை. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் முடியப்போவதாக ஒரு செய்தி வரும், இவன் போட்டுவிடுவான். ஏன் போடுகிறாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அவள் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது.

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாமனார் தர்மன். ஒரு கையில் தக்காளிப் பை, இன்னொரு கையில் சுருட்டிய காகிதம். கடத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, தர்மபுரியில் டவுன் பஸ் மாறி, அதியமான்கோட்டை மேம்பாலத்துக்கு அடியில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடியே இருந்தது. மருமகனைப் பார்த்ததும் அவிழ்த்து விட்டார்.

"வாங்க மாமா. ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி எடுத்துட்டு வந்திருப்பேனே."

"போன் பண்ணா நீங்க எடுக்கவா செய்யறீங்க? நாலு நாளா அடிக்கிறேன். அதான் ஆளே வந்துட்டேன்."

பூவரசன் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுக் கொப்பளித்தான். அவர் எதற்காக அழைக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். நாலு நாளாக அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் அவன் ஒளிந்துகொண்டிருந்தான்.

தர்மன் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் ஒவ்வொரு தக்காளியாக வைத்தார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டரின் மாதிரி அது. நடுவில் கலைமதி, கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம், பின்னால் நீல வானமும் ரெண்டு புறாவும் பிரஸ்காரர் போட்டது. பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். அதற்குக் கீழே கையகல இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"இந்த எடத்த மட்டும் சும்மா வுடுன்னு சொல்லி வச்சிருக்கேன் மாப்ள. பிரஸ்காரரு பிரபாகரு இருக்காரில்ல, அவரு பொண்ணும் அந்தப் பரிச்ச எழுதுச்சாம். யாரு எத்தனாவது கேள்விக்கு என்னா போட்டாங்கன்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துருச்சாமே. நம்ம பாப்பா பாஸுன்னா, 'அரசு முதுகலை ஆசிரியர் தேர்வில் வெற்றி பெற்ற'ன்னு ஒரு வரி சேத்திடலாம்னாரு. கடத்தூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்கூரு முக்கு வரைக்கும் ஒட்டப் போறேன். பொட்டப் புள்ளைய எம்.எஸ்ஸி. படிக்க வச்சு என்னாத்துக்குடான்னு கேட்டவனெல்லாம் அந்த வழியாத்தான் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போவணும்."

கலைமதி கடைசியாக எழுதிய தேர்வு அது. வழக்கு ஒன்று நடந்ததால் முடிவுகள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், போன புதன்கிழமைதான் ஒவ்வொருவரின் விடைத்தாளும் சரியான விடைகளோடு சேர்த்து இணையத்தில் வந்தது. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் திறக்கும். இரண்டும் அவனுக்கு மனப்பாடம். புதன்கிழமையிலிருந்து அந்தப் பக்கத்தை ஏழெட்டு முறை எடுத்திருப்பான். எண்ணைப் போடுவான், தேதியைப் போடுவான், அதோடு மூடிவிடுவான்.

"டீ போடறேன் மாமா" என்று உள்ளே போனான்.

அடுப்படியில் நிற்கும்போது அவனுக்கு எப்போதும் அந்த அட்டைகள்தான் ஞாபகம் வரும். கல்யாணப் பத்திரிகைகளை அவள் தூக்கிப் போட விடமாட்டாள். பின்பக்கம் வழவழப்பாக வெறுமையாக இருக்குமே, அதை நான்காகக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேதிவினையின் இடது பாதியை மட்டும் எழுதுவாள். எந்தப் பொருள், என்ன சேர்க்கிறோம், எந்த ஆசிட், பிறகு ஒரு அம்புக்குறி. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது. விளைபொருளை வாயால் சொல்ல வேண்டும். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பாள், துணி அலசிக்கொண்டே கேட்பாள். அவன் தர்மபுரியில் ஒரு கோச்சிங் சென்டரில் ஆறு வருஷமாகக் கெமிஸ்ட்ரி எடுக்கிறவன். கேட்ட மாத்திரத்தில் சொல்வான். சொல்லும்போது கொஞ்சம் அலட்சியமாகச் சொல்வது வழக்கம். அவளும் அதை ரசிப்பதுபோலத்தான் தெரிந்தது.

தேர்வு மையம் கிருஷ்ணகிரியில் போட்டிருந்தார்கள். விடிவதற்குள் பைக்கில் கிளம்பினார்கள். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினான். பின்சக்கரத்தில் காற்று குறைந்ததுபோல் இருந்தது. அவன் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஹேண்ட்பேக்கிலிருந்து ஆல்கைன் வினைகள் எழுதிய அட்டைக்கட்டை எடுத்தாள். வரிசையாகக் கேட்டாள். அவன் தலையைத் தூக்காமலே சொல்லிக்கொண்டு வந்தான்.

"2-பென்டைன். தண்ணி, மெர்குரிக் சல்பேட், சல்பூரிக் ஆசிட்."

"2-பென்டனோன்."

"ரெண்டு கீட்டோனும் வராதாங்க?"

"எந்த ரெண்டு? மார்கோவ்னிகாஃப் விதி போட்டா ஒண்ணுதான். அஞ்சு வருசமா இதத்தான் கத்திக்கிட்டிருக்கேன். கடைசி நேரத்துல நீயும் கொழம்பி என்னையும் கொழப்பாத தாயே."

அவள் சிரித்துவிட்டு அட்டைகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டாள்.

மத்தியானம் மையத்துக்கு வெளியே புளியமரத்தடியில் காத்திருந்தவனிடம் வந்ததும் முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். "நம்ம கேள்வி வந்துச்சுங்க. அந்த 2-பென்டைன்" என்றாள். "என்ன போட்ட?" என்றான். "நீங்க சொன்னதத்தான்" என்றாள். "பாத்தியா!" என்று அவள் தலையில் தட்டினான். சந்தோஷத்தில் அவளுக்கு ஒன்றும் தனக்கு ரெண்டுமாகக் கரும்புச் சாறு வாங்கினான். அதற்குப் பிறகு இருபத்துமூன்று நாள் இருந்தாள்.

போன மாதம் சமரீன் என்ற பெண் வகுப்பில் எழுந்து நின்றாள். முதல் பெஞ்சுக்காரி, அப்பா டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சந்தேகம் கேட்கும்போது சாரைக் காப்பாற்றுவதுபோல மெதுவாகக் கேட்பாள். அவன் போர்டில் 1-பென்டைனுக்குத் தண்ணீர் சேர்த்துக் காட்டி முடித்திருந்தான். மூன்று பிணைப்பு ஓரத்தில் இருக்கிறது. ஓரக் கார்பனுக்கு ஹைட்ரஜன் போகும், உள்ளே இருக்கிற கார்பனுக்கு ஓ.எச். போகும், முதலில் ஈனால், அது நிற்காது, உடனே கீட்டோனாக மாறிவிடும், ஒரே விளைபொருள், 2-பென்டனோன். "சார், இதே 2-பென்டைன் குடுத்தா ரெண்டு கீட்டோனும் வரும்ல சார்?" என்றாள் சமரீன். அவன் போர்டில் எழுதினான். மூன்று பிணைப்பு இப்போது உள்ளே நகர்ந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் கார்பன் சங்கிலி. இந்தப் பக்கம் உட்காரு, அந்தப் பக்கம் உட்காராதே என்று தண்ணீருக்குச் சொல்ல அங்கே விதி ஒன்றும் இல்லை. 2-பென்டனோனும் வரும், 3-பென்டனோனும் வரும். கலந்துதான் வரும்.

அவனுக்கு அது தெரியாத விஷயம் அல்ல. ஆறு வருஷமும் சரியாகத்தான் நடத்தியிருக்கிறான். அன்றைக்கு டயரை அமுக்கிக்கொண்டே காதில் வாங்கியதில் '2' விழுந்தும் மனதில் '1' ஓடியிருக்கிறது. தெரியாமல் சொல்லியிருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம். "வெரி குட் சமரீன்" என்று சொல்லிவிட்டு டஸ்டரை எடுத்தவன், எதை அழிக்கிறோம் என்று தெரியாமல் போர்டு முழுவதையும் அழித்தான். பையன்கள் "சார், சார், இன்னும் எழுதல சார்" என்று கத்தினார்கள்.

அன்றிலிருந்து அந்த ஒரு மார்க் அவனோடு எழுந்து அவனோடு படுத்தது. அவள் உயிரோடு இருந்திருந்தாலும் ஒரு மார்க்கில் வேலை போயிருக்கும், தன்னால் போயிருக்கும். நீங்க சொன்னதத்தான் போட்டேன் என்று அதற்கு அவளே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் திறந்து பார்க்கத்தான் மாமனார் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

டீயோடு வந்தான். தர்மன் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மருமகன் முகத்தைப் பார்க்காமல், "சக்கர கம்மியா இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"போட மறந்துட்டேன் மாமா."

"பரவால்லங்க. இந்தப் பரிச்சயப் பாத்துட்டா நான் பத்து மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன். தக்காளி பறிக்க ஆள் வரச் சொல்லியிருக்குது."

இனித் தப்பிக்க வழியில்லை. பூவரசன் தன் போனைச் சார்ஜிலிருந்து பிடுங்கினான். பதிவு எண், பிறந்த தேதி. சக்கரம் சுற்றியது. பிறகு அவள் போட்டோவோடு பக்கம் திறந்தது. ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த போட்டோ, காதைக் காட்ட வேண்டும் என்று முடியை ஒதுக்கியிருந்தாள். தர்மன் கிட்டே நகர்ந்து வந்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை, படத்தை மட்டும் பார்த்தார்.

மொத்த மார்க் கடைசியில் இருக்கும். அதற்குப் போகாமல் ஒவ்வொரு கேள்வியாக நகர்த்தினான். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி. தேர்வர் தெரிவு செய்த விடை, சரியான விடை. இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சையும் சிவப்பும் மாறி மாறி மேலே போயின. கட்டை விரல் வியர்த்து வழுக்கியது. எழுபதைத் தாண்டியதும் அது வந்தது. எழுபத்தோராவது கேள்வி. 2-பென்டைனை நீருடன் மெர்குரிக் சல்பேட், சல்பூரிக் அமிலம் முன்னிலையில் வினைப்படுத்தினால் கிடைப்பது. ஏ, 2-பென்டனோன் மட்டும். பி, 3-பென்டனோன் மட்டும். சி, இரண்டின் கலவை. டி, பென்டனால்.

பச்சையாக இருந்தது. அவள் 'சி' போட்டிருந்தாள்.

முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தான். மேலே போய்ப் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தான். 'சி'தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்தது, ஒரு நொடி. அடுத்த நொடி அந்தப் புளியமரத்தடி வந்தது. நீங்க சொன்னதத்தான். குடித்த தண்ணீரின் ஈரம் மேலுதட்டில் ஒட்டியிருக்க, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். டீக்கடையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இவன் தப்பாகச் சொல்கிறான் என்று. சிரித்துவிட்டு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். உள்ளே போய்ச் சரியானதைப் போட்டிருக்கிறாள். வெளியே வந்து, இவன் தலையில் தட்டும்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறாள். இருபத்துமூன்று நாளில் ஒருநாள்கூட மூச்சு விடவில்லை.

"என்னாங்க மாப்ள? பாஸா?"

அவன் கடைசிக்குப் போனான். நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றொன்று. அவர்கள் பிரிவுக்குக் கட்-ஆஃபைத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சென்டரில் பேசிக்கொண்டது தெரியும். அந்த ஒரு கேள்வி எப்படிப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மாதமாகத் தின்னாமல் உறங்காமல் சுமந்ததற்கு அர்த்தமே இல்லை. பாஸ் மாமா என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? கடத்தூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒரு வரி. ஆனால் இன்னொரு பொய்யை இந்தக் கூடம் தாங்காது என்று தோன்றியது.

"இல்ல மாமா. ஏழு மார்க் பத்தல."

தர்மன் தலையை ஆட்டினார். மாதிரிக் காகிதத்தின் மேல் இருந்த தக்காளி ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்துத் திரும்ப அதே மூலையில் வைத்தார்.

"அன்னிக்கே சொல்லுச்சுங்க."

"எது?"

"பாப்பாதான். பரிச்ச எழுதிட்டு வந்த அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுச்சு. தேறாதுப்பா, கணக்கு வர்ற கேள்வியெல்லாம் போச்சுன்னு சொல்லுச்சு. அவருகிட்ட நல்லா எழுதியிருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன், நீ எதுவும் ஒளறிடாத, அவரு ரொம்ப ஆசையா இருக்காருன்னுச்சு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இருந்தாலும் எதுக்கும் பாத்துடலாம்னு வந்தேன். பாப்பா சொல்றதுல பாதிய நம்பவும் முடியாதில்லீங்களா. சின்னதுல முள்ளு குத்துனாக்கூட, குத்தலப்பான்னுதான் சொல்லும். நடையப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும்."

பூவரசன் நிமிர்ந்து பார்த்தான். இந்த மனிதருக்கு அது பழைய சங்கதி. இவனுக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்து அவள் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எடுத்துக்கொண்டிருக்கிறான். உங்க சாம்பாரு நல்லாத்தான் இருக்குது. எனக்கு ஊருக்குப் போவணும்னே தோணல. சூட்டு வயித்துவலிதாங்க, வெந்தயம் முழுங்கியிருக்கேன், இப்பத் தேவலாம். இந்தக் கடைசியானதை ரெண்டு நாள் சொன்னாள். ரெண்டு நாளும் அவன் காலையில் ஆறரை மணி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குடல்வால் வெடித்திருந்தது. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து எடுத்துப் பார்த்தான். எது பச்சை, எது சிவப்பு என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

தர்மன் போஸ்டரைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, வெறுமையாக விட்ட இடத்தை விரலால் தடவினார்.

"பரிச்ச எழுதுச்சுன்னாச்சும் போட்டுக்கலாங்களா?"

"அப்படியெல்லாம் போட மாட்டாங்க மாமா."

"செரி. இன்னும் ரெண்டு புறா போடச் சொல்லிடறேன்."

எழுந்தார். இவனும் வண்டிச் சாவியை எடுத்தான். வாசல்வரை போனவர் செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு அப்படியே நின்றார். வெளியே ஹைவேயில் லாரிகள் தொப்பூர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேக்கலாங்களா? எழவு வூட்டுல பொம்பளைங்க கேட்டப்ப நீங்க ஒண்ணும் நெனவில்லைன்னீங்க. எங்கூட்டுக்காரி இன்னும் என்னப் போட்டு அரிக்கிறா. போஸ்டருக்கெல்லாம் இல்லீங்க. எங்க ரெண்டு பேத்துக்குத்தான். கடைசியா உங்ககிட்ட என்னா சொல்லுச்சு?"

நினைவில்லாமல் இல்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் வீட்டில் போகிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்கிறார்கள், சாமி பேரைச் சொல்கிறார்கள். அவள் சொன்னது எழவு வீட்டில் சொல்லும்படியான ஒன்றாக இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை ஏழரை மணி. ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க முனகியவள் முகம் தெளிந்து படுத்திருந்தாள். அவள் சொன்னாள் என்றுதான் எதிரே இருந்த ஹோட்டலுக்குப் போனான். நாற்பது நிமிஷம் கழித்து வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் அவன் நிம்மதியாக இருந்தான். வயிறார இருந்தான். ரெண்டாவது தோசைகூட வாங்கினான்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமனாரிடம், அவள் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னான்:

"இப்ப வலியே இல்லீங்க. நீங்க போயி சாப்ட்டு வாங்க. காரச் சட்னி கேட்டு வாங்கிக்குங்க, இல்லாட்டி சாம்பாரையே ஊத்திட்டுப் போயிடுவான்."